முட்டி, மூச்சு, மூத்திரம்

நர்சிங் படித்த மூன்று வருஷத்தில் பாதிப் பாடத்தை நாங்கள் வெளியில் சொல்ல முடியாத வார்த்தைகளாகத்தான் மனதில் வைத்திருந்தோம். டியூட்டர் காதில் விழுந்தால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கும். ஆனால் எனக்கு இன்றைக்கும் மறக்காமல் இருப்பது அந்தப் பாதிதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டு வந்தவர்கள். எனக்கு ஊர் மணலூர்பேட்டைப் பக்கம். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். பாடப்புத்தகம் தலையணை கனத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. மண்டையோட்டு நரம்புகள் பன்னிரண்டையும் வரிசையாக நினைவு வைக்க ஆங்கில வாக்கியம் ஒன்றைப் பலகையில் எழுதிப் போட்டார்கள். அந்த வாக்கியத்துக்கே எங்களுக்கு அர்த்தம் தெரியவில்லை. அதை மனப்பாடம் செய்ய இன்னொரு வாக்கியம் வேண்டியிருந்தது.

என் அறைத்தோழி சின்னசேலத்துப் பெண். அவள் அந்தப் பன்னிரண்டு நரம்பையும் சேலம் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். ஒரு ஸ்டாப்புக்கு ஒரு நரம்பு. மூக்கு நரம்பு சின்னசேலத்தில் ஏறும். நாக்கு நரம்பு சேலத்தில் இறங்கும். பரீட்சை ஹாலில் அவள் உதட்டசைவைப் பார்த்தாலே ஆத்தூர் தாண்டிவிட்டாளா இல்லையா என்று எங்களுக்குத் தெரியும்.

பச்சைக்குழந்தையின் உச்சிக்குழி மூடும் கணக்குக்கு, 'பின்னாடி ஒன்றரை மாசம், முன்னாடி ஒன்றரை வருஷம்.' இரண்டு வகை இன்சுலினை ஒரே சிரிஞ்சில் எடுக்க வேண்டுமானால் தெளிந்ததை முதலில் மொண்டுகொண்டு பிறகு கலங்கலைத் தொட வேண்டும். ஊற்றுக்குழியில் தண்ணீர் மொண்டு பழகியவர்களுக்கு அது ஒரு பாடமே இல்லை. இருதய மாத்திரை கொடுக்குமுன் நாடி பார்க்க வேண்டும் என்பதற்கு, 'அறுபதுக்குக் கீழே அடி வைக்காதே.' இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒன்று இருந்தது. துணி துவைக்கும் கல்லடியில் உட்கார்ந்து ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சோப்பு நுரையோடு திருப்பிச் சொல்வோம்.

எல்லாவற்றிலும் பேர்போனது மூன்று மு. கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறி, கைகால் வெட்டும் இழுப்பு வந்துவிட்டால் மக்னீசியம் ஊசி போடுவார்கள். இழுப்பை நிறுத்த அதைப்போல மருந்து கிடையாது. ஆனால் உடம்பில் அளவுக்கு மேல் சேர்ந்தால் அதுவே மூச்சை நிறுத்திவிடும். சேர்ந்தது வெளியேற இருக்கும் வழி சிறுநீர் ஒன்றுதான். அதனால் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அடுத்த ஊசி போடுமுன் மூன்றைப் பார்க்க வேண்டும். முழங்காலில் சுத்தியலால் தட்டினால் கால் துள்ள வேண்டும். மூச்சு நிமிஷத்துக்குப் பதினாறுக்குக் குறையக் கூடாது. சிறுநீர் மணிக்கு முப்பது மில்லியாவது இறங்கியிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஊசி கிடையாது. முட்டி, மூச்சு, மூத்திரம். இதை முதலில் சொன்னது யார் என்று யாருக்கும் தெரியாது. நான்தான் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாம் வருஷம் பிரசவ வார்டில் எங்களுக்குப் பணி. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. தவறு செய்தது ஆஸ்பத்திரி இல்லை, நான். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் ஜீப்புகள் வந்து நிற்கும் ஆஸ்பத்திரி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று விடிந்த கையோடு ஒரு ஜீப் வந்தது. வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு ஊர். பத்தொன்பது வயதுப் பெண், தலைப்பிரசவம். வழியில் இரண்டு முறை இழுத்திருந்தது. நாக்கைக் கடித்து மோவாயெல்லாம் ரத்தம். கூட வந்தது அம்மா மட்டும். புருஷன் கேரளாவில் மிளகுத் தோட்ட வேலைக்குப் போயிருந்தான். அம்மா சின்ன உருவம், புருவமே இல்லாத முகம், கையில் ஒரு தூக்குவாளி. மகளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றியபோது அவள் காலைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்தாள். கதவுக்கு வெளியே நிறுத்தியதும் காலை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆறு மணிக்கு முதல் ஊசி போட்டார்கள். எட்டரைக்குக் குழந்தை பிறந்தது. பெண். அழுதது. பெற்றவளுக்கு அது தெரிந்ததா என்று சொல்ல முடியாது. அரை மயக்கத்தில் இருந்தாள். இன்னும் ஒரு நாள் முழுக்க ஊசி தொடர வேண்டும், யாராவது பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். டியூட்டி சிஸ்டர் வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நீ ஒக்காரு. மூணும் தெரியும் இல்ல?"

"முட்டி, மூச்சு, மூத்திரம், சிஸ்டர்," என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

பத்து மணிக்கு மூன்றையும் பார்த்தேன். கால் துள்ளியது, மூச்சு இருபது, சிறுநீர் இறங்கும் குழாய்ப் பையில் வேண்டிய அளவு இறங்கியிருந்தது. ஊசி போடப்பட்டது. பையை அளந்து எழுதிவிட்டுக் காலி செய்தேன். அப்போது வார்டுக்குள் வந்திருந்த அந்த அம்மா தூக்குவாளியைத் திறந்து கஞ்சி ஊற்றப்போய்க் கட்டிலடியில் கொஞ்சம் கொட்டிவிட்டது. ரவுண்ட்ஸ் வரும் நேரம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எனக்கு அது எப்போதும் சீக்கிரம் வரும், இன்றைக்கும் அப்படித்தான்.

"இன்னாமா இது? கட்டில்கிட்ட ஒரு சொட்டு அசிங்கம் இருக்கக் கூடாது. மூத்திரம் அள்றதும் நானு, கஞ்சி தொடைக்கிறதும் நானா? ஒரு ஒத்தாசை கெடையாது!"

அந்த அம்மா முந்தானையால் தரையைத் துடைத்தாள். "இனிமே பாத்துக்கறன் நர்சம்மா," என்றாள். ரவுண்ட்ஸுக்காகக் கூட வந்தவர்களையெல்லாம் வெளியே அனுப்பினார்கள். அவளும் போனாள்.

பன்னிரண்டு மணி இருக்கும். அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள். மயக்கக் கண் இல்லை, சரியான கண். வார்டைப் பார்த்தாள், என் தொப்பியைப் பார்த்தாள், தன் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். தடவிய கை அப்படியே நின்றது.

"எங்க?" என்றாள்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் கைவளைவில் வைத்தேன். அவள் நாக்கு வீங்கியிருந்ததால் பேச்சு குழறியது. ஆனாலும் பேசினாள். குழந்தையின் நெற்றியை ஒற்றை விரலால் தடவினாள். இந்தப் பக்கம் தடவினாள், அந்தப் பக்கம் தடவினாள்.

"புருவத்தயே காணம். எங்கம்மா மாரியே," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. அதற்கும் நிறுத்தாமல் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பால் குடிக்க வைத்தேன். இடது பக்கம். குழந்தை இரண்டு முறை தவறவிட்டு மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. "இத நாந்தான் தூக்கினு மல ஏறுவன். யாருகிட்டயும் தரமாட்டன்," என்றாள். யாரும் கேட்காமலேயே சொன்னாள். பிறகு தூங்கிவிட்டாள். அது நல்ல தூக்கம். நான் குழந்தையைத் தொட்டிலில் விட்டேன். அவள் அம்மா அப்போது வெளியே மரத்தடியில் இருந்தாள். இதைப் பார்த்தது நான் மட்டும்.

ஒரு மணிக்குப் பசி காதை அடைத்தது. தோழி ஒருத்தி எதிர்க் கட்டில் நோயாளியிடம் இருந்தாள். பார்த்துக்கொள் என்று ஜாடை காட்டிவிட்டுப் போய்ப் பதினைந்து நிமிஷத்தில் சாப்பிட்டுத் திரும்பினேன். அந்த அம்மா உள்ளே வந்து மகளின் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். கட்டிலடி படு சுத்தமாக இருந்தது. சொன்னால்தான் புத்தி வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மணி. சுத்தியலால் தட்டினேன், கால் துள்ளியது. கடிகாரத்தை வைத்து மூச்சு எண்ணினேன், பதினெட்டு. பையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் இருபது மில்லி இருந்தால் அதிகம். நாலு மணி நேரத்துக்கு இருபது. எனக்குக் குப்பென்று வியர்த்தது. பயம் மட்டும் என்று சொன்னால் பொய். புத்தகத்தில் இருந்தது என் கண்ணெதிரில் நடக்கிறது, அதை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்ற கர்வமும் இருந்தது. பிரசவ அறைக்கு ஓடினேன். சிஸ்டர் இரண்டு கையிலும் கிளவுசோடு இன்னொரு பிரசவத்தில் நின்றுகொண்டிருந்தார். தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"முட்டி?"

"இருக்குது சிஸ்டர்."

"மூச்சு?"

"பதினெட்டு."

"யூரின்?"

"இருவதுதான் சிஸ்டர். ரொம்ப கம்மி."

இப்போது திரும்பினார். "பைய யாருனா ஊத்திட்டாங்களா?"

"இல்ல சிஸ்டர். நாந்தான் பக்கத்துலயே ஒக்காந்துக்கினு இருக்கறன்."

சத்தியமாக நான் பொய் சொல்லவில்லை. அந்தப் பதினைந்து நிமிஷம் என் நினைவுக்கே வரவில்லை. மூன்று வருஷமாக எத்தனை எத்தனையோ மில்லியையும் மில்லிகிராமையும் மண்டையில் ஏற்றி வைத்திருந்தவளுக்கு, ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எழுந்துபோய்ச் சோறு தின்றது ஞாபகத்தில் இல்லை.

சிஸ்டர் டாக்டருக்குச் சொல்லியனுப்பினார். ஊசியை நிறுத்தி வை, டிரிப்பைக் கவனி, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் பார் என்று பதில் வந்தது. நான் சொன்ன கணக்குக்கு அதுதான் சரியான பதில். போய் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை, எனக்கு மூன்றடி தள்ளி நின்றிருந்த அந்த அம்மாவிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. கேட்பது என்று எங்கள் மூன்று மு-வில் எங்கேயும் இல்லை.

மூன்று மணிக்குப் பையைத் தூக்கினேன். ஒரு மணி நேரத்தில் எழுபதுக்கு மேல் இறங்கியிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று விளங்குமுன் கட்டில் ஆடியது. அவள் கண் மேலே செருகியது, கை விறைத்தது, தாடை கிட்டிவிட்டது. நான் கத்தினேன். ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள், வாயில் வந்ததை உறிஞ்சி எடுத்தார்கள், ரத்தக்குழாயில் மருந்து ஏற்றினார்கள். எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சுவரோரம் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த அம்மா நின்றிருந்தாள்.

அடங்கிய பிறகு சிஸ்டர் பையைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவைக் கேட்டார்.

"இத நீங்க எப்பனா ஊத்தினீங்களாமா?"

"ஆமாங்க சிஸ்டரு. ஒரு மணி இருக்கும். பை ரொம்பிக்கினு இருந்துச்சி. இந்த நர்சம்மா பாவம் எல்லாத்தயும் ஒண்டியா அள்ளுதேன்னு நானே கக்கூசுல ஊத்திட்டு வந்தன். மூடிய பழையபடியே போட்டுட்டனுங்க." சொல்லிக்கொண்டே வந்தவள் எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். கேஸ் ஷீட்டை என் கையில் கொடுத்தார். "நடந்தத நீயே எழுது. ஒன்னு விடாம எழுது," என்றார். எழுதினேன். எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. சாப்பிடப் போனதையும் எழுதினேன். அதற்கு மேல் அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பிழைப்பாளா என்று அன்று முழுவதும் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. மறுநாள் காலையில் என் முறை இல்லாதபோதும் போய் நின்றேன். ஏழரை மணிக்குக் கண் விழித்தாள். பெயர் கேட்டதற்குச் சொன்னாள். ஊர் கேட்டதற்குச் சொன்னாள். எனக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. அவள் அம்மா ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கி வந்து பக்கத்தில் வைத்தாள்.

அவள் குழந்தையைப் பார்த்தாள். வேற்று வீட்டுக் குழந்தையைப் பார்ப்பதுபோல, கை நீட்டாமல் பார்த்தாள்.

"யாரு புள்ளமா இது?"

"ஒம்புள்ளதாண்டி."

"எனக்கு இன்னும் பொறக்கலியே," என்று வயிற்றைத் தடவினாள்.

வரும் வழியில் ஜீப் கரியாலூர் தாண்டியதுகூட அவளுக்கு நினைவில்லை. இழுப்பு வந்தால் இப்படி ஆகும் என்றார் டாக்டர்; போனது பெரும்பாலும் திரும்ப வராது, அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை என்றார். வைத்தியக் கணக்கில் ஒன்றும் இல்லைதான். குழந்தை பிறந்த நினைவை வழியில் வந்த இழுப்புகளே எடுத்துக்கொண்டிருக்கும். அந்தப் பழியை நான் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் பன்னிரண்டு மணி அவளிடம் இருந்தது. கண் திறந்து, கேட்டு, தடவி, சிரித்து வைத்திருந்தாள். அதை எடுத்துக்கொண்டது மூன்று மணி இழுப்பு. இரண்டு மணி ஊசி தவறியதால் அது வந்தது, தவறியது என்னால். தன் பிள்ளையை முதன்முதலாகப் பார்ப்பதை ஒருத்தி இரண்டு முறை செய்ய முடியாது. இரண்டாவது தடவை அவள் பார்த்தபோது அம்மா சொல்லித்தான் அது அவளுடையது என்று தெரிந்தது.

அன்று மாலை அந்த அம்மா குழாயடியில் என்னைத் தனியாகப் பிடித்தாள். தூக்குவாளியை விளக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"நான் அத ஊத்துனதாலதான் மறுக்கா இழுத்துச்சா நர்சம்மா?"

இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆமாம் என்றாலும் கேட்டுக்கொள்வாள். என்னிடம் இரண்டுக்கும் தைரியம் இல்லை.

"நீங்க ஊத்துனது தப்பு இல்லமா. ஊத்துனீங்களான்னு நான் கேக்காததுதான் தப்பு. காலைல ஒங்கள நான் அப்டி பேசுனதும் தப்பு," என்றேன்.

அவள் வாளியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள். பரவாயில்லை என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏழைபாழைகள் எங்களைப் போன்றவர்களிடம் எப்போதும் அப்படித்தானே சொல்கிறார்கள். அவள் சொல்லவில்லை.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பன்," என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அந்தப் பெண்ணிடம் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பையைப் பற்றியும் சொன்னேன். அது அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அவள் பிடித்துக்கொண்டது ஒன்றே ஒன்றைத்தான்.

"அப்ப நான் இதப் பாத்தனா? மொதல்லயே பாத்தனா?"

"பாத்த. எங்கன்னு கேட்ட. நான் எடுத்தாந்து குடுத்தன்."

"அப்பறம்?"

"நெத்தியத் தடவின. புருவத்தயே காணம், எங்கம்மா மாரியேன்னு சொன்ன. சொல்லிட்டுச் சிரிச்ச."

அவள் குழந்தையின் நெற்றியைத் திரும்பத் தடவிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏதாவது எட்டிப்பார்க்கிறதா என்று அவள் தனக்குள் தேடுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க முடியவில்லை, ஆனாலும் பார்த்தேன். "ஒன்னுமே வரல நர்சம்மா," என்றாள். "மறுக்கா சொல்லுங்க."

அதன்பிறகு இருந்த ஆறு நாளும் தினம் போனேன். தினம் கேட்டாள். எந்தப் பக்கம் பால் குடித்தது, எத்தனை முறை தவறவிட்டது, மலை ஏறுவதைப் பற்றித் தான் என்ன சொன்னாள் என்றெல்லாம். ஒரு நாள் நான் வரிசை மாற்றிச் சொல்லிவிட்டேன். "நேத்து சிரிச்சதுக்கப்பறம்தான் பாலுன்னீங்க," என்று திருத்தினாள். உதடு அசைய அவள் சொல்லிப் பார்த்துக்கொள்வதைத் தூரத்திலிருந்தே கவனித்தேன். எனக்கு அந்த உதட்டசைவு தெரியும். நாங்கள் எல்லோரும் பரீட்சைக்கு முன் அப்படித்தான் இருப்போம்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் புருஷன் வந்தான். கேரளாவிலிருந்து நேராக வந்திருந்தான், சட்டைகூட மாற்றவில்லை. குழந்தையை வாங்கத் தெரியாமல் வாங்கினான். "எப்டி இருந்துச்சி ஒனக்கு, மொதமொதல்ல பாத்தப்ப?" என்று அவளைக் கேட்டான்.

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்று மாத்திரைகளை உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள்.

"பன்னெண்டு மணி இருக்கும். கண்ணத் தொறந்தன். எங்கன்னு கேட்டன். நர்சம்மா எடுத்தாந்து கையில வெச்சிது. நெத்தியத் தடவனன், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். புருவத்தயே காணம், எங்கம்மா மாரியேன்னு சொன்னன்."

அவன் குழந்தையின் நெற்றியைக் குனிந்து பார்த்தான். வாசல் பக்கம் நின்றிருந்த அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பறம்?" என்றான் அவன்.

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கண் கூரைக்குப் போய்த் திரும்பியது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"சிரிச்ச," என்று எடுத்துக் கொடுத்தேன்.